பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாத மாப்பிள்ளை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், புனேவுக்குப் பக்கத்திலுள்ள தேஹு ரோடு கடைவீதியில் ஷிந்தே காக்காவின் டெலிபோன் பூத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தங்கை ஹேமா. ரஞ்சன்காவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த எங்கள் தாய்மாமன் கோவிந்தன். மேஜைக்குப் பின்னால் ஷிந்தே காக்கா; மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா. வெளியே பெஞ்சில், ஊருக்குப் பேசுவதற்காகத் தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பட்டாளத்துக்காரர். அவர் பேர் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர்தான் நிற்கலாம். நானும் ஹேமாவும் இடித்துக்கொண்டு நின்றோம். மாமா கதவைத் திறந்து பிடித்தபடி தலையை மட்டும் உள்ளே விட்டிருந்தார். முந்தின ஆள் விட்டுப்போன பீடி வாசனை, காக்கா காலையில் ஏற்றிய ஊதுபத்தி, சூடேறிய பிளாஸ்டிக். தலைக்கு மேலே சிவப்பு எண்கள். வெளிநாட்டுக்குப் பேசினால் அந்த எண்கள் நடக்காது, ஓடும்.

"தம்பி, விஜயா அக்கா பேசறேன். அந்தக் கீழ் வீட்டம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க அக்கா. பக்கத்துலதான் நிக்கிறாங்க. குடுக்கட்டுமா?"

"குடு."

அமெரிக்காவில் முன்பின் பார்த்திராத அந்த அம்மாள் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஹேமாவை அந்தப் பையனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அன்று மத்தியானத்துக்குள் நான் சொல்லியாக வேண்டும். காட்பாடியில் பையனின் அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். அப்பா இல்லை, அம்மா இல்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திய எனக்கு அப்பாவின் ராணுவ டிப்போ வேலை வந்த கதையைச் சென்ற வாரம் எழுதினேன். அந்தச் சம்பளத்தில்தான் ஹேமா படித்தாள். ஔந்த்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்தாள். அவள் கல்யாணம் தப்பினால், நான் அடுக்கிய பெட்டிகள் எல்லாம் வீணாய்ப் போன மாதிரி என்று அப்போது நினைத்தேன்.

விசாரிப்பது என்றால்

விசாரிக்காமல் பெண் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. விசாரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பையனின் சிநேகிதர்களைக் கேட்கக் கூடாது, புகழ்ந்துவிடுவார்கள். சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது, ஒன்று புகழ்வார்கள் இல்லை கவிழ்த்துவிடுவார்கள். இஸ்திரி போடுகிறவரைக் கேட்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை சட்டை வருகிறது என்பதிலேயே அவன் ஒழுங்காக வேலைக்குப் போகிறானா என்று தெரிந்துவிடும். பால்காரரைக் கேட்க வேண்டும். விடியற்காலையில் கதவைத் திறப்பது யார், எந்த நிலையில் திறக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். கடைசியில், பக்கத்து வீடு. சண்டை போட்ட பக்கத்து வீடாக இருந்தால் இன்னும் நல்லது. சண்டைக்காரன் வாயிலிருந்தே நல்ல வார்த்தை வந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

எங்கள் பெரியம்மா மகள் பத்மாவை இப்படி யாரும் விசாரிக்காமல் பம்பாயில் கொடுத்தார்கள். பையன் ஆலையில் வேலை என்றார்கள். தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான், சாயங்காலம் காலி டப்பாவோடு வந்தான். ஆலை மூடி வருஷக்கணக்காகிறது. அவன் டப்பாவைக் கடற்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்துகொண்டிருந்தான். இதைக் கண்டுபிடிக்கப் பத்மாவுக்கு நாலு மாதம் ஆனது. தெருமுனைப் பால்காரனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். யாரும் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. பத்மா இப்போது குடியாத்தத்தில் தனியாக இருக்கிறாள்.

நான் பிறவியிலேயே கவலைக்காரி. லோக்கல் ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது, கேஸை மூடினேனா என்று திரும்பி வீட்டுக்கு ஓடுகிற ஆள். "கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா அக்கா அதுக்கும் சேத்துக் கவலைப்படும்" என்பாள் ஹேமா. பத்மா விஷயத்துக்குப் பிறகு என் கவலைக்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது.

ஜில்லா மாதிரி

மாமாதான் இந்த வரனைக் கொண்டுவந்தார். பையன் பேர் சரவணன். அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், மாமாவுக்குப் பழக்கம். பையனுக்குக் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை. போட்டோவில் காதுகள் கொஞ்சம் பெரிதாக இருந்தன, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எந்த ஊரு மாமா?"

"ஊரு பேரு வாயில நுழையல. கவுண்ட்டின்னு சொல்றான். நம்ம ஜில்லா மாதிரி."

"அங்க யாரைப் போயி விசாரிக்கறது?"

"இன்னாம்மா நீ! அமெரிக்காவுல இஸ்திரிக்காரன் ஏது? எல்லாம் மெஷினு."

"பால்காரரு?"

"டப்பாவுல வருது."

"பக்கத்து வீடாவது இருக்குதா இல்லியா?"

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அமெரிக்கா என்றவுடன் நான் தாம்பூலத் தட்டைத் தூக்குவேன் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர்.

மறுநாள் ஹேமா ஆபீஸிலிருந்து அந்தக் கவுண்ட்டியைப் பற்றி நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். வெள்ளைக்காரர்கள், மெக்ஸிகோக்காரர்கள், வியட்நாம்காரர்கள், சீனர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நம் ஆட்கள், கறுப்பர்கள். எந்த இனமும் ஜனத்தொகையில் பாதியைத் தாண்டவில்லையாம். கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பழத்தோட்டங்களாம். அதற்கும் முன்னால் மெக்ஸிகோவின் பூமி. அதற்கும் முன்னால் ஸ்பெயின் பாதிரியார்கள். எல்லோருக்கும் முன்னால், காட்டுக் கொட்டைகளை இடித்து மாவாக்கித் தின்ற பழங்குடிகள். அவர்களில் இப்போது கொஞ்சம் பேர்தான் மிச்சம்.

"பூமி அதிருமாம்கா" என்று மெதுவாகச் சொன்னாள். நான் கவலைப்படுவேன் என்று தெரிந்தே சொன்னாள். கவலைப்பட்டேன்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. "இவ்ளோ ஜனம் இருக்கற எடத்துல, அந்தப் பையனைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இல்லியாடி?"

"அரே, அங்கெல்லாம் அப்படி இல்லக்கா. பல தேசத்து ஜனம். யாருக்கும் யாரையும் தெரியாது."

இதுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் டிப்போ குவார்ட்டர்ஸ் லைனில் இந்தப் பக்கம் மலையாளி, அந்தப் பக்கம் நேபாளத்துக்காரர், எதிரே தெலுங்கு, அதற்கடுத்து பீகார், கோடியில் சர்தார்ஜி, நடுநடுவே இந்த மண்ணின் மராட்டிக்காரர்கள். யாரும் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் என் வீட்டில் கீரை தீய்ந்தால் கோடி வீட்டு சர்தார்னி, "விஜயா, கேஸ்!" என்று கத்துவாள். பல தேசத்து ஜனம் என்பது பேர் தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணமா?

எதிர் வீட்டில் ஒரு நாய்

முதல் தடவை சரவணனோடு பேசியதும் ஷிந்தே காக்காவின் கூண்டிலிருந்துதான். சம்பளம் எவ்வளவு என்று மாமா ஏற்கெனவே கேட்டுவிட்டார். என்ன படிப்பு என்பது ஜாதகத்தோடு வந்துவிட்டது. நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க பேரு இன்னா தம்பி?"

சிவப்பு எண்கள் ஓடின.

"தம்பி?"

"தெரியாதுங்க அக்கா."

"எத்தினி வருஷமா அந்த வீட்ல இருக்கே?"

"மூணு வருஷமா."

"எதிர் வீட்ல?"

"ஒரு நாய் இருக்கு அக்கா."

"அதோட பேரு?"

"அதுவும் தெரியாதுங்க."

அவனைக் கோபித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. என் தங்கை அந்த வீட்டுக்குப் போய், ஒருநாள் இவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், எந்தக் கதவைத் தட்டுவாள்?

"தம்பி, தப்பா நெனைக்காதே. பக்கத்து வீட்டுப் பேரைக் கேட்டுட்டு வா. எதிர் வீடு, கீழ் வீடு எல்லாத்தையும் கேட்டுட்டு வா. அதுக்கப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன்.

மாமா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். "அமெரிக்கா மாப்பிள்ளைய வீடு வீடாப் பிச்சைக்கு அனுப்பறியே! நாளைக்கு வேற எடம் பாத்துனு போயிடுவான்."

"போகட்டும். கதவைத் தட்டத் தெரியாதவன் நமக்கு எதுக்கு?"

ஹேமா சிரித்தாள். அவள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை.

அவன் போகவில்லை. அடுத்த ஞாயிறு காக்காவின் பூத்துக்கு அவனே போன் செய்தான். காக்கா கடைப் பையனை அனுப்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே வந்து என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் கதை கேட்கும் ஆசை.

"அக்கா, உங்களால நான் மாட்டிக்கிட்டேன்" என்று ஆரம்பித்தான்.

கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு, கையில் ஒரு பேனாவும் பேப்பருமாகக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறான். பேர் மறந்துவிடக் கூடாதே என்று பேப்பர். அதுதான் வினையாகிவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் அந்த நாட்டில் ஜனத்தொகைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இவனையும் சர்க்கார் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். மாடி மூலை வீட்டில் லைட்டை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தார்கள். பெயின்ட் அடிக்கிற மெக்ஸிகோக்காரர், கேட்பதற்கு முன்பே மூன்று விரலைக் காட்டினார். உள்ளேயிருந்து அதைவிட நிறையக் குரல்கள் கேட்டன.

"பக்கத்து வீட்ல ஒரு வியட்நாம் பெரியவர் அக்கா. நான் பேர் என்னன்னுதான் கேட்டேன். அவர் உள்ள போயி பிளாஸ்டிக் கவர்ல இருந்து பாஸ்போர்ட்டு, சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் கொண்டாந்து மேஜை மேல பரப்பிட்டாரு. கல்யாணத்துக்காகக் கேக்கறேன்னு புரிய வெக்க ஒரு மணி நேரம் ஆச்சு. புரிஞ்சதும் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. சாப்பிடாம விடல."

"பேரு இன்னா?"

"மிஸ்டர் தான். தான்தான் பேரே."

"எதிர் வீடு?"

"வயசான வெள்ளைக்காரரு. அவங்க அப்பா போர்ச்சுக்கல்லேர்ந்து பழம் பறிக்கற வேலைக்கு வந்தவராம். நாங்க இருக்கற பில்டிங் இருக்கற எடத்துல ப்ளம் மரம் இருந்துச்சாம், இவரே அதுல ஏறியிருக்காராம். நாய் பேரு பெப்பே."

இப்படி வாராவாரம். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ். அவள் வேலையிலிருந்து வருகிற நேரத்தில்தான் எல்லோரும் எழுவார்கள், அதனால் யாரும் அவளைப் பார்த்ததில்லை. கீழ் வீட்டில் ஜலந்தர் பக்கத்திலிருந்து வந்த ஜஸ்பீர் கௌர். ஹேமா பிரிண்ட் எடுத்து வந்த நாலு பக்கத்தில் இருந்த இனங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கதவும் பேரும் வந்துகொண்டிருந்தன. டிப்போவில் என்னோடு பெட்டி அடுக்குகிறவர்கள் திங்கட்கிழமை காலையில், "விஜயாதாய், இந்த வாரம் எந்த வீடு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மராட்டியில் தாய் என்றால் அக்கா.

என் வாசலில் ஒருவர்

நடுவில் ஒரு சின்ன விஷயம். அந்த வருஷம் நம் நாட்டிலும் கணக்கெடுப்பு நடந்தது. எங்கள் லைனுக்கு ஒரு டீச்சர் வந்தார். தோளில் பை, கையில் பாய் மாதிரி விரிகிற பெரிய தாள், வெயிலில் சிவந்த முகம். மராட்டியில் என் பேரைக் கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே ஓடி இரும்புப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் சாவுச் சான்றிதழ், எனக்கு வேலை கொடுத்த ஆர்டர், குவார்ட்டர்ஸ் கடிதம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். அப்பா போன பிறகு இந்த வீட்டை எடுத்துக்கொள்ள எவனாவது வருவான் என்று பல வருஷமாக ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது.

"தாய், பேர் மட்டும் சொல்லுங்க போதும்" என்றார் டீச்சர். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறந்த இடம் எது என்று கேட்டார். தேஹு ரோடு என்றேன். தாய்மொழி தமிழ் என்றேன். அவர் எழுதிக்கொண்டு எழுந்தார்.

அவர் போன பிறகு காகிதங்களைத் திரும்பக் கவரில் போடும்போது அந்த வியட்நாம் பெரியவரை நினைத்துக்கொண்டேன். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காகிதங்களை எப்படிப் பரப்பியிருப்பார் என்று தெரியும்.

கீழ் வீட்டு ஜஸ்பீர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஜஸ்பீரிடம் நானே நேரடியாகப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தேன். டிப்போவில் சேர்ந்ததிலிருந்து இந்தி பேசுகிறேன், அவளுக்கும் இந்தி வரும். பாஷை தெரிந்த ஒரே கதவு அது.

"நீதானா அந்த இன்கொயரிவாலி?" என்று எடுத்த எடுப்பில் இந்தியில் கேட்டாள். குரல் கூண்டுக்கு வெளியே காக்கா வரைக்கும் கேட்டது. "உன்னால எங்க பில்டிங்கே கலங்கிப் போச்சு. போலீஸ்னு நெனைச்சு ஒருத்தி ரெண்டு நாள் வெளியவே வரல!"

"மன்னிச்சுக்குங்க பஹன்ஜி. பொண்ணு குடுக்கற எடம்."

"அதுல என்ன தப்பு? கேக்கறவ கேக்கணும். கேளு."

இஸ்திரிக்காரரிடம் கேட்கிற கேள்வியையே கேட்டேன். "பையன் காலையில எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பறான்?"

"வேலையா? எந்த வேலை? ரெண்டு மாசமா வீட்லதானே இருக்கான்!"

பத்மாவின் புருஷன் காலி டப்பாவோடு கண் முன்னால் வந்து நின்றான். திரும்பி ஹேமாவைப் பார்த்தேன். அதிர்ச்சி இருக்க வேண்டிய முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமாவுக்கும் கேட்டுவிட்டது. "முடிஞ்சுது. போன வை விஜயா."

ஷிந்தே காக்கா மீட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பட்டாளத்துக்காரர். தன் முறை எப்போது என்று கேட்கத்தான் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

"தீதி, நீங்க பேசி முடிங்க. இப்ப பாதியில வெச்சா அப்புறம் தூக்கம் வராது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னதால்தான் வைக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "பஹன்ஜி, கேக்கக் கூடாது, ஆனாலும் கேக்கறேன். உங்க பொண்ணா இருந்தா அவனுக்குக் குடுப்பீங்களா?"

ஜஸ்பீர் சிரித்தாள். "என் பொண்ணு இங்க பொறந்தவ. அவ என்னைக் கேக்கவே மாட்டா." பிறகு குரலை இறக்கினாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. இங்க நிறைய பேருக்கு வேலை போச்சு. எங்க பில்டிங்லயே சில பேருக்கு. அவங்க எல்லாம் காலையில ஷர்ட் போட்டுக்கிட்டு கார் எடுத்துக்கிட்டு கிளம்புவாங்க. என் கடைக்கு எதிர்ல பார்க்கிங்ல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பாங்க, நானே பாத்திருக்கேன். உன் பையன் மறுநாளே லுங்கியோட கீழ வந்து, 'ஆண்ட்டிஜி, வேலை போயிடுச்சு, உங்க கடையில மூட்டை எறக்கணும்னா கூப்பிடுங்க'ன்னான். சம்பளம் வாங்க விசா விடாது. சும்மாவே எறக்கினான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்தது உன் தலையெழுத்து."

கேட்காத கேள்வி

சரவணன் போனை வாங்கினான்.

"ஏன் தம்பி சொல்லல?"

"சொல்லியிருக்கணும் அக்கா. நீங்க நாய் பேர் வரைக்கும் கேட்டீங்க. வேலை இருக்கான்னு மட்டும் கேக்கல. நீங்க கேக்கறதுக்குள்ள வேற வேலை கெடைச்சிடும்னு நெனைச்சேன்."

"கெடைக்கலேன்னா?"

"கொஞ்ச நாள்தான் டைம். அப்புறம் திரும்பி வந்துடணும்."

"டிக்கெட்டுக்குக் காசு இருக்குதா?"

"காரை வித்து வாடகை கட்டிட்டேன்" என்றான். கேட்டதற்குப் பதில் அது இல்லை. எனக்குப் புரிந்தது. திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

வெளியே வந்து பட்டாளத்துக்காரர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து கூண்டுக்குள் போனார். மாமா நின்றுகொண்டே பேசினார்.

"வேலையில்லாதவனுக்கு எவனாவது பொண்ணு குடுப்பானா? நான் கொண்டாந்த வரன்தான். நானே சொல்றேன், வேணாம்."

நான் ஹேமாவைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல இருந்து நாங்க மெயில்ல பேசிக்கிட்டுதான் இருந்தோம். வேலை போன அன்னிக்கே சொல்லிட்டாரு."

"ரெண்டு மாசமா என்னை இங்க ஓட விட்டியேடி!"

"நீ ஓடறத நிறுத்திடுவியோன்னுதான் சொல்லல." அவள் அழவில்லை. செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீ வேணாம்னு சொன்னா நான் மீற மாட்டேன்கா. அதான் பயமா இருந்துது."

அதற்கு மேல் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை. மீறிவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தால் கையைக் கழுவியிருக்கலாம். இப்போது முழுப் பாரமும் என் தலையில் வந்து இறங்கிவிட்டது.

பத்மாவின் புருஷனுக்கும் வேலை போனது, இவனுக்கும் வேலை போனது. அவன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். இவன் லுங்கியோடு கீழே இறங்கி வந்தான். என்னிடம் மட்டும் மறைத்தான், உண்மைதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவளிடம் மறைக்கவில்லை.

"மாமா, பேசி முடிக்கலாம்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? நீதானே எதுக்கெடுத்தாலும் பயப்படறவ?"

"பயமாத்தான் இருக்குது. அவனுக்கு வேலை இருந்திருந்தாலும் பயந்துனுதான் இருப்பேன். பயத்தைக் கேட்டு முடிவு பண்ணா, நான் அடுப்பே பத்த வெக்க முடியாது."

பட்டாளத்துக்காரர் பேசி முடித்து வெளியே வந்ததும் நான் மறுபடி உள்ளே போனேன்.

"மாப்பிள்ளை" என்றேன். அதுவரை தம்பிதான். "ஔந்த்துல ஹேமா ஆபீஸ் பக்கத்துல ஒரு டிராவல்ஸ் இருக்குது. இங்க காசு கட்டினா உங்களுக்கு அங்க டிக்கெட் குடுப்பாங்களாம். நான் கட்டறேன். வேலை கெடைச்சா கெடைக்கட்டும், கெடைக்கலேன்னாலும் வாங்க. கல்யாணம் இங்கதான்."

"அக்கா, வேணாம்..."

"சும்மா தரல. கடன். மாசாமாசம் திருப்பிக் குடுக்கணும்."

மாமா கதவுக்குள் தலையை விட்டார். "பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்குக் காசு குடுத்தா அதுக்குக் கடன்னு யாரும் பேரு வெக்க மாட்டாங்க விஜயா. வரதட்சணைன்னுதான் சொல்லுவாங்க."

"கடன்தான் மாமா. நீங்க சாட்சி. காக்கா, நீங்களும் சாட்சி."

ஷிந்தே காக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும், "ஹோ, ஹோ", ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அப்புறம்

டிப்போ சொசைட்டியில் முப்பதாயிரம் கடன் வாங்கி டிக்கெட்டுக்குக் கட்டினேன். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். கல்யாணம் கோயிலில், விருந்து லைன் நடுவில் ஷாமியானா போட்டு. சர்தார்னி லஸ்ஸி கலக்கினாள். மிஸ்டர் தான் ஒரு சிவப்புக் கவரில் ஐந்து டாலர் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் மாப்பிள்ளை எங்கள் குவார்ட்டர்ஸில் வேலையில்லாமல் இருந்தார். "அமெரிக்காவுல இருந்தவன், இப்போ அக்கா சம்பளத்துல டிபன் சாப்பிடறான்" என்று காது படப் பேசினார்கள். அவர் காலையில் ரயிலடிக்குப் பேப்பர் வாங்கப் போய் வருவதற்குள் இரண்டு லைனில் உள்ளவர்களின் பேரும் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். அந்தப் பழக்கத்தை அவருக்குப் பிடிக்க வைத்தது நான்தான், அதனால் டீ ஆறிப்போனாலும் ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு புனேவிலேயே வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து இருவரும் அதே கவுண்ட்டிக்குப் போனார்கள். போன வாரத்திலேயே ஹேமா போன் செய்து, நான் கேட்பதற்கு முன்பே, நாலு பக்கத்து வீடுகளின் பேரையும் ஒப்பித்தாள். இப்போதும் அங்கே பூமி அதிர்ந்தது என்று டி.வி.யில் சொன்னால் நான் இங்கே போனை எடுத்துவிடுவேன்.

கடனை மாப்பிள்ளை முதல் சம்பளத்திலிருந்தே மாதம் அறுநூறு ரூபாயாகத் திருப்பினார். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவு என்று சில மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னேன். அப்புறம் அமெரிக்கா போகிற அமளியில் அது அப்படியே நின்றுவிட்டது. இப்போது அவர் நினைத்தால் ஒரு நாள் சம்பளத்தில் தீர்த்துவிடலாம். "விட்டுத் தொலையேன், சொந்த மாப்பிள்ளைதானே?" என்று மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார்.

விட மாட்டேன். விட்டால் அன்றைக்குப் பூத் வாசலில் மாமா சொன்ன பேர் அதற்கு வந்துவிடும். என் தங்கையை நான் காசு கொடுத்துக் கட்டிவைக்கவில்லை. ஆகையால் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வரவழைத்துப் படிக்கிற மாப்பிள்ளைக்கும், சாட்சியான கோவிந்தன் மாமாவுக்கும் இதன் மூலம் தெரிவிப்பது: இன்னும் வரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.